சீனி கேட்டால் கொடுக்காதீர்கள் என்று சொன்னது நான்தான்

முதல் தும்மல் பொட்டலம் கட்டும் அறையில் வந்தது. தேயிலைத் தூசியில் தும்மாத ஆள் எங்கள் தொழிற்சாலையில் கிடையாது என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானத்திற்குள் மூக்கு ஒழுகி, முகமூடி நனைந்து, தொண்டைக்குள் யாரோ மணல்தாளை வைத்துத் தேய்ப்பது போல ஆகிவிட்டது. எங்கள் மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) எட்டி நின்றபடியே கையைக் காட்டினார்.

"அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்கலா. நீங்க கட்டுற தேயிலைய வாங்கறவன் காசு குடுத்துல்ல வாங்கறான்!"

சாதாரணச் சளி. இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது (நீரிழிவை எங்கள் மலாய் நாட்டில் பலரும் இப்படித்தான் சொல்வோம்). இனிப்பு நீர்க்காரருக்குச் சளி பிடித்தால் அது அவருடைய சளியாக மட்டும் இருப்பதில்லை. லயத்தில் உள்ள வரிசை வீடுகள் அத்தனையும் அதில் பங்கு கேட்கும். கம்போங் ராஜா டவுனுக்கு மேலே, மழை மாதத்தில் பகலிலும் பனி இறங்கும் தோட்டம் எங்களுடையது. இங்கே சளிக்கு மருந்து தெரியாத மனிதரே இல்லை. அந்த மருந்தில் இனிப்பு இல்லாமலும் இல்லை.

முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுச் சரசு. என்னைவிடப் பத்து வயது இளையவள். குரல் மட்டும் மூத்தது. இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு, தென்னங்கருப்பட்டி கரைத்துப் பாகு போலக் காய்ச்சிய கஷாயத்தை ஒரு போத்தலில் கொண்டுவந்தாள்.

"இதுல சீனியே இல்லக்கா. பயப்படாம குடிங்க. வெறும் கருப்பட்டிதான்."

"கருப்பட்டி இனிக்காதா சரசு?"

"இனிக்கும். ஆனா அது வேற இனிப்புக்கா."

வேற இனிப்பு! இந்தச் சொல்லை நான் எத்தனை வாயில் கேட்டிருக்கிறேன் என்று சொல்லி முடியாது. பின்வரிசை வேலாயுதம் அண்ணன் தேன் பண்ணையில் வேலை செய்கிறார். சுற்றுலாப் பயணிகளுக்குத் தேன் விற்றுப் பழகிய வாய். ஒரு போத்தல் தேனோடு வாசலில் நின்று, எனக்கே விற்பது போலப் பேசினார்.

"தேன் பூச்சி செய்யற சாமான், பாக்கியம். சீனி ஆலையிலயா செய்றாங்க? பூச்சிக்கு எப்பயாவது இனிப்பு நீரு வந்து பாத்திருக்கியா நீ?"

சிரித்து வாங்கிக்கொண்டேன். எரிச்சல் வந்தாலும், இப்படிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படித்தவள் இல்லை. படித்ததெல்லாம் இந்த மாதிரி வாய்களிடமிருந்துதான்.

என் வீட்டுக்காரர் மணியம் தோட்டத்துப் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்கு ஏற்றிவரும் லோரியை ஓட்டுகிறவர். அவர் பங்குக்குக் கடையிலிருந்து ஓர் அட்டை மாத்திரை வாங்கிவந்தார். "லோரிக்காரனுங்க எல்லாம் இதத்தான் போடுறானுங்க. மூக்கு டக்குனு தொறந்துரும்."

மூக்கு திறந்தது உண்மை. கூடவே நெஞ்சும் தட்டத் தொடங்கியது. மாடிப்படி ஏறாமலே ஏறினது போலப் படபடப்பு. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடி போட்டுப் படித்தேன். 'இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உட்கொள்க' என்று மலாயில் இருந்தது. மணியத்திடம் காட்டினேன். "இவ்வளவு பொடியா எழுதினா எவன் படிப்பான்?" என்று கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை எகிறியிருந்தது. நான் கஷாயத்தைத் தொடவில்லை. தேனை மட்டும் ஒரு கரண்டி நக்கியிருந்தேன். பழி எல்லாவற்றையும் அந்த ஒரு கரண்டி மேல் போட்டுக்கொண்டு டவுன் கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் இளம் மலாய்ப் பெண். பொறுமையாகப் பேசுகிறவர். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். சளியே சர்க்கரையை ஏற்றும். உடம்பு கிருமியோடு போராடும்போது சில சுரப்புநீர்களை (உடம்பே உண்டாக்கி இரத்தத்தில் கலக்கும் பொருள்களை) அதிகமாக விடும், அவை சர்க்கரையைத் தூக்கிவிடும். அதனால் காய்ச்சல், சளி நாட்களில் அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு முடிவாக, "சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், சாப்பாட்டோடு போடுங்கள். சாப்பிட முடியாமல் போனால் உடனே இங்கே கேளுங்கள்" என்றார்.

அந்தப் பேச்சில் மூன்று பங்கு இருக்கிறது. என் காதில் விழுந்தது முதல் பங்கு மட்டும். மாத்திரையை நிறுத்தாதே. வெளியே வரும்போது அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். எங்கள் வீடுகளில் யாராவது ஒரு பாத்திரத்தில் ஏதாவது கொடுத்தால், அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி அரிசியோ, சீனியோ, இருப்பதைப் போட்டுத்தான் கொடுப்போம். எனக்கு நல்ல யோசனை வந்தது. கஷாயத்தையும் தேனையும் மணியத்தின் சொந்தப் போத்தல்களுக்கு மாற்றிவிட்டு, வந்த போத்தல்களைக் கழுவித் துடைத்து, வீட்டில் இருந்த சீனி முழுவதையும் அவற்றில் நிரப்பினேன். மரியாதைக்கு மரியாதை. வீட்டில் இனிப்பு ஒழிந்தது என்ற நிம்மதியும் ஆயிற்று. மணியத்தின் இரண்டு போத்தலையும் அவருடைய லோரியிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். "சாலையில குடிச்சுக்குங்க. என் கண்ணுல படக்கூடாது."

"அப்ப என் காப்பிக்கு?" என்றார் பாவம்.

"ரோட்டுக் கடையில குடிங்க."

சரசுவிடம் போத்தலைக் கொடுத்தபோது லயத்து வாசலில் நாலு பேர் இருந்தார்கள். வேலாயுதம் அண்ணனும் இருந்தார். நான் குரலை உயர்த்தியே சொன்னேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இனிமே எவராவது எனக்கு இனிப்பு குடுத்தீங்க, அப்புறம் நம்ம வீட்டுப் படி ஏறாதீங்க. கருப்பட்டி, தேனு, வேற இனிப்பு, ஒன்னும் வேணாம். நானே வந்து கெஞ்சிக் கேட்டாலும் குடுக்கக் கூடாது. புரியுதா?"

"நீங்க கெஞ்சினாலுமா?" என்றாள் சரசு.

"செத்தாலும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். எத்தனையோ வருடமாக நான் சொல்லி யாரும் கேட்காத லயம், அன்றைக்கு என் பேச்சைக் கேட்டுத் தொலைத்தது.

சளி நெஞ்சுக்கு இறங்கியது, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. வாய் கசந்து, சோறு பஞ்சு போல இருந்தது. சளிக்கு வயிற்றைக் காயப்போட்டால் நல்லது என்று சின்ன வயதிலிருந்து பழக்கம். கஞ்சித் தண்ணீரும் ரசமுமாக ஓட்டினேன். மாத்திரையை மட்டும் விடவில்லை. காலையும் சாயங்காலமும், கடிகாரம் தப்பினாலும் நான் தப்பவில்லை. நான் போடும் இரண்டு மாத்திரைகளில் ஒன்று, கணையத்தை (இன்சுலின் சுரக்கும் உறுப்பை) தட்டி எழுப்பி வேலை வாங்கும் வகை. அது நான் சாப்பிட்டேனா என்று கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. இது எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், சொன்னதில் மூன்றில் ஒரு பங்கைத்தானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்றைக்கு மணியம் விடிந்ததும் லோரி எடுத்துப் போய்விட்டார். நான் மாத்திரையை விழுங்கி, கஞ்சியில் இரண்டு கரண்டி குடித்து, மீதியை மூடி வைத்தேன். கொஞ்சம் தெம்பாக இருப்பது போலத் தோன்றியது. வீட்டைக் கூட்டினேன். நாள் கணக்கில் கிடந்த துணியை ஊறவைத்தேன்.

துணி பிழியும்போது வேர்த்தது. வெளியே பனி. மூச்சு விட்டால் புகை தெரிகிற குளிர். எனக்கோ கழுத்து வழியாக முதுகு வரை வேர்வை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? காய்ச்சல் விடுகிறது, நல்லது என்று நினைத்தேன். காய்ச்சல் இறங்கினால் வேர்க்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம். சந்தோஷமாகத்தான் பிழிந்துகொண்டிருந்தேன்.

பிறகு விரல்கள் நடுங்கின. உதடு மரத்தது. வயிற்றுக்குள் ஒரு பசி வந்தது. அது சோற்றுப் பசி இல்லை, ஆளையே தின்னுகிற பசி. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், விரலைக் குத்திப் பார்த்தேன். கருவியில் மூன்றுக்கும் கீழே காட்டியது (இங்கே கணக்கு மில்லிமோலில், மூன்று என்றால் மில்லிகிராம் கணக்கில் ஐம்பத்துநாலு). நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று கிளினிக் சுவரில் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். தாழ்சர்க்கரை (இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோவது). உயர்ந்தால் மெல்லக் கொல்லும், தாழ்ந்தால் உடனே மயக்கிப் போடும்.

சீனி டப்பாவைத் திறந்தேன். காலி. நானே தட்டித் துடைத்துக் கவிழ்த்து வைத்த டப்பா. ஈப்போவில் இருக்கும் என் மகள் கவிதா வாங்கி அனுப்பிய, சீனிக்குப் பதிலாகப் போடுகிற பொட்டலங்கள் மட்டும் இருந்தன. நாக்குக்கு இனிக்கும், இரத்தத்துக்கு ஒன்றும் செய்யாது. மூடி வைத்த கஞ்சி அடுப்பங்கரையிலேயே இருந்திருக்கிறது. அது என் கண்ணில் படவே இல்லை. சர்க்கரை தாழ்ந்தால் கண்ணெதிரே இருப்பதும் இல்லாமல் போய்விடுகிறது.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். சரசு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சரசு. சீனி."

"என்னாக்கா?"

"சீனி குடு."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "வந்துட்டீங்களா! நான் அன்னைக்கே நெனச்சேன். ரெண்டு நாளு தாங்காதுன்னு."

"வெளையாடாத. சீக்கிரம்."

"நீங்கதானே சொன்னீங்க, கெஞ்சினாலும் குடுக்காதன்னு. உக்காருங்க, சுக்குத் தண்ணி தரேன். ஒரு துளி இனிப்பு கெடையாது, சத்தியமா."

எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியாமல் இல்லை. சொல் வாய்க்கு வரவில்லை. தாழ்சர்க்கரை என்ற வார்த்தை எங்கேயோ ஒளிந்துகொண்டது. எரிச்சல் மட்டும் வந்தது. சரசுவை என் வாயால் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையால் திட்டினேன். அவள் முகம் சுருங்கியது. வாசலில் வேலாயுதம் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னா, ஆசை வந்துருச்சா பாக்கியத்துக்கு?"

"பாருங்கண்ணே, சீனி கேக்குறாங்க. குடுக்கலன்னு திட்டறாங்க வேற!"

"குடுத்துராத. அப்புறம் அதுக்கும் உன்னயத்தான் திட்டும்."

சரசு என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் அவர் குரல் லோரிச் சத்தத்தோடு வந்தது.

"குடுக்காத, குடுக்காத சரசு! சும்மா உன்னய டெஸ்ட் பண்றா அவ!"

நான் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கண்ணுக்குள் ஓரம் ஓரமாக இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டுக்கு நடுவே சரசுவின் அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் ஒரு போத்தல் தெரிந்தது. நான் கழுவித் துடைத்து, நான் நிரப்பிக் கொடுத்த போத்தல். அடுப்பின் மேல் சாய்ந்து அதை இழுத்தேன். பக்கத்தில் இருந்த மஞ்சள் டப்பா விழுந்து தரையெல்லாம் மஞ்சள். மூடியைத் திறந்து வாயில் கொட்டினேன். பாதி வாயிலும் பாதி சட்டையிலும்.

"ஐயோ, பிடுங்குங்கண்ணே!" என்று சரசு என் கையைப் பிடித்தாள். நான் போத்தலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் பிள்ளை சீனிப் போத்தலோடு மல்லுக்கட்டுவதை வேலாயுதம் அண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்குத்தான் ஏதோ உறைத்தது.

"சரசு, விடு. வேர்வையப் பாரு. குளிருக்கு ஒடம்பு இப்படியா ஊத்தும்? தண்ணியில கலக்கிக் குடு."

கலக்கிக் கொடுத்தாள். குடித்தேன். பிறகு உதட்டுக்கு உயிர் வந்தது. சாய்ந்து தெரிந்த பலகை நேரானது. தரையில் கொட்டியிருப்பது மஞ்சள் என்று புரிந்தது. சரசு அழுதுகொண்டிருந்தாள். பயத்தில் பாதி, கோபத்தில் பாதி.

"அப்ப எதுக்குக்கா குடுக்காதன்னு சொன்னீங்க? நான் இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிருந்தேன்னா?"

நான்கு இட்லி வைத்தாள், சாப்பிட்டேன். சீனி ஏற்றிவிடும், ஆனால் நிற்காது. பின்னாலேயே சாப்பாடு போக வேண்டும்.

வேலாயுதம் அண்ணன் போனில் விஷயத்தைச் சொன்னதும், மணியம் பச்சைத் தேயிலை ஏற்றிய லோரியோடு அப்படியே வந்துவிட்டார். இறக்காமல் வைத்தால் இலை சூடேறிக் கெட்டுவிடும், தோட்டத்து மேலாளர் துரை சத்தம் போடுவார். அதையெல்லாம் அவர் நினைக்கவில்லை. என்னைத் தூக்கி முன்னால் உட்காரவைத்து, வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டே கிளினிக்குக்கு ஓட்டினார். வழியெல்லாம் என்னைத் திட்டினார். பிறகு சரசுவைத் திட்டினார். பிறகு ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு கையால ஓட்டுங்க" என்றேன்.

அதே டாக்டர். இந்தத் தடவை அவருக்கும் பொறுமை போயிருந்தது.

"எல்லாரும் சீனியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள் அம்மா. மாத்திரையைப் பார்த்து ஒருவரும் பயப்படவில்லை. சாப்பிடாமல் இதைப் போட்டால் இப்படித்தான் ஆகும்."

"நிறுத்தாதேன்னு நீங்கதான டாக்டர் சொன்னீங்க?"

"சாப்பிட முடியாவிட்டால் கேளுங்கள் என்றும் சொன்னேனே!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர்தான் முதலில் சிரித்தார். சளி விடும்வரை அந்த ஒரு மாத்திரையை எப்படிப் போடுவது என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். மற்றவருக்கு அது பொருந்தாது, ஒவ்வொருவருக்கும் அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அதை நானும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் சீட்டைப் பார்த்து உங்கள் மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

சளி மருந்தைப் பற்றி அவரிடம் அன்றைக்குத்தான் உருப்படியாகக் கேட்டேன். நான் பயந்தது ஒன்று, பயந்திருக்க வேண்டியது வேறு. இருமல் மருந்தில் இருக்கும் சீனி நல்லதில்லைதான், சீனி இல்லாதது கிடைத்தால் அதையே கேட்டு வாங்கலாம். ஆனால் ஒரு கரண்டி மருந்தால் மலை சரியாது. மூக்கைத் திறக்கும் அந்த மாத்திரைதான் எனக்குக் கூடாதது (அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடும்). மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டே போதும் என்றார். பல மருந்து ஒன்றாகக் கலந்த மாத்திரைகளில் காய்ச்சல் மருந்தும் இருக்கும், தெரியாமல் தனியாகவும் அதைப் போட்டால் இரட்டிப்பாகிவிடும். கருப்பட்டியும் தேனும் சர்க்கரைதான். 'வேற இனிப்பு' என்று ஒன்று இல்லவே இல்லை.

ஆனால் சர்க்கரை தாழ்ந்துவிட்டால் அதே சீனிதான் மருந்து. மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலக்கி, உடனே. கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் மறுபடியும். ஏறினபிறகு சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அவரை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

நான் இதைத் திரும்ப லயத்து வாசலில் நின்று சொன்னேன். சொல்வது சுலபமில்லை. சீனி கொடுக்காதீர்கள் என்றால் ஒரு தடவையில் புரிகிறது. சீனி கொடுக்காதீர்கள், ஆனால் நடுங்கி, வேர்த்து, உளறினால் உடனே கொடுங்கள் என்றால் எல்லார் முகமும் குழம்புகிறது.

"அப்ப குடுக்கணுமா, கூடாதா?" என்றார் வேலாயுதம் அண்ணன்.

"ரெண்டும்தான் அண்ணே."

"நீ ரொம்பக் கஷ்டமான நோயாளி பாக்கியம்."

அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன். கம்போங் ராஜாவில் சாகுல் பாய் கடையில் போன வாரம் சீனி இல்லாத தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். அடுப்புப் பக்கத்து மேசை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தேன். அவ்வளவுதான். பாய் ஓடிவந்து ஒரு கிளாஸ் ரோஸ் சிரப் தண்ணியை முன்னால் வைத்தார்.

"குடிங்கக்கா, மொதல்ல குடிங்க! மணியண்ணன் எல்லாத்தயும் சொல்லிருக்காரு."

"பாய், அடுப்புகிட்ட உக்காந்தா வேர்க்காம குளிரவா செய்யும்? எனக்கு ஒன்னும் இல்ல."

"இல்லன்னுதான் சொல்லுவீங்க. அப்படித்தான் ஆரம்பிக்குமாம்."

மூன்று பேர் என்னைச் சுற்றி நின்று நான் குடிக்கிறேனா என்று பார்த்தார்கள். அங்கேயே விரலைக் குத்தி அளவைக் காட்டிய பிறகுதான் அந்தச் சிவப்புத் தண்ணியை எடுத்துக்கொண்டு போனார்கள். மனிதர்களுடைய அன்பு கொடுக்கிற தொல்லைக்கு எந்த மருந்துக் கடையிலும் மாத்திரை கிடையாது.

இருமல் நெடுநாள் இழுத்தது. சளி போனது எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதற்குள் வேறு ஒன்று மாறிவிட்டிருந்தது. முன்பெல்லாம் என் உடம்பு எனக்குப் பின்னால் நடந்து வந்தது. நான் வேலைக்குப் போனால் வந்தது, நான் துணி துவைத்தால் துவைத்தது. இப்போது அது எனக்கு ஓரடி முன்னால் நடக்கிறது. கழுத்தில் ஒரு துளி வேர்த்தால் நிற்கிறேன். காய்ச்சலா, வெயிலா, தாழ்வா என்று கேட்கிறேன். அது பதில் சொல்லும் வரை அடுத்த காலை எடுத்து வைப்பதில்லை.

நேரமும் அப்படித்தான். என் காலை நேரம் மாத்திரைக்கும் முதல் கவளத்துக்கும் நடுவில் உள்ள இடம் என்று ஆகிவிட்டது. அந்த இடத்தில் வேறு எவருக்கும் வழி இல்லை.

இன்று காலை மறுபடியும் மூக்கு ஒழுகியது. மணியம் எழுந்து இட்லி அவித்து வைத்திருந்தார். குத்திப் பார்த்தேன், தட்டை எடுத்து வைத்துக்கொண்டேன், மாத்திரை தட்டின் ஓரத்தில் காத்திருந்தது. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. இத்தனை வருட வேலையில் நான் அந்த வேனை ஒரு நாளும் காக்கவைத்ததில்லை.

"பசியாறிட்டு வரேன்!" என்று கத்தினேன்.

பனிக்குள்ளிருந்து மறுபடியும் ஹாரன் வந்தது. நான் இன்னொரு இட்லியைப் பிட்டேன்.